கோத்தகிரிப் பனியிரவில் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ பார்க்கும் முறை

ஜார்ஜ் ரொமேரோ 1968இல் இயக்கிய ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படத்தை, கோத்தகிரியில் உள்ள எங்கள் வீட்டில் மார்கழிதோறும் ஒருமுறை பார்த்துவிடுவேன். செத்தவர்கள் எழுந்து வந்து மனிதரைத் தின்னும் கதை என்றதும் முகம் சுளிப்பவர்களும், முறையாக அமர்ந்து பார்த்தால் இதை மறக்க மாட்டார்கள்.

முதலில் நல்ல பிரதி வேண்டும். வெளியீட்டுக்கு முன் தலைப்பை மாற்றியபோது விநியோகஸ்தர் பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்க்காமல் விட்டதால், அமெரிக்காவில் இப்படம் யாருக்கும் உரிமையில்லாத பொதுச்சொத்தாகிவிட்டது. அதனால் மங்கிய பிரதிகள் எங்கும் மலிந்து கிடக்கின்றன. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016இல் மீட்டெடுத்து வெளியிட்ட பிரதியைத் தேடிப் பிடியுங்கள். வண்ணம் ஏற்றிய பிரதிகள் வேண்டவே வேண்டாம். இதில் ரத்தமாக வழிவது சாக்லேட் பாகு. கருப்பு வெள்ளையில்தான் அது ரத்தமாகிறது. தொலைக்காட்சித் திரையின் இருபுறமும் கருப்புப் பட்டை விழட்டும், படத்தை இழுத்து அகலமாக்காதீர்கள்.

இரவு உணவை முடித்து, சிறு பிள்ளைகளைத் தூங்கவைத்த பின் தொடங்குங்கள். படம் ஏறத்தாழ 96 நிமிடங்கள்; இடையில் மின்சாரம் போனால் மனநிலை கலைந்துவிடும் என்பதால் இன்வெர்ட்டரை முன்பே பார்த்துவையுங்கள். குளிருக்காகக் கரி கணப்பு மூட்டியிருந்தால், கதவைச் சாத்துவதற்கு முன் அதை வெளியே வைத்துவிடுங்கள். மூடிய அறையில் கரிப்புகை உயிரையே குடித்துவிடும். சன்னல் திரைச்சீலையை மட்டும் விலக்கியே வையுங்கள். திரையில் நாயகன் பென், செத்தவர்கள் உள்ளே வராதபடி தான் ஒளிந்திருக்கும் வீட்டின் சன்னல்களுக்குப் பலகை அறையும்போது, நம் சன்னலுக்கு வெளியே தேயிலைச் செடிகளின் மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருப்பதைப் போன்ற துணை இப்படத்துக்கு வேறில்லை.

படத்தில் வரும் வானொலியையும் தொலைக்காட்சிச் செய்தியையும் கவனித்துக் கேளுங்கள். வீட்டுக்குள் அடைபட்டவர்களுக்கு வெளியுலகம் அந்தக் குரல்கள் மட்டுமே; வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று சொன்ன செய்தி, பிறகு மீட்பு நிலையங்களுக்குப் போங்கள் என்று மாற்றிச் சொல்கிறது. மழையில் பாதை சரிந்து, செய்தியை மட்டும் நம்பி வீட்டில் காத்திருந்திருக்கும் மலைக்காரர்களுக்கு அந்தத் தவிப்பை விளக்க வேண்டியதில்லை.

பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டில், வெள்ளையர் நிறைந்த வீட்டில் ஒரு கறுப்பர் தலைமை ஏற்று ஆணையிடுகிறார். ஆனால் அவருடைய நிறத்தைப் பற்றி எவரும் ஒரு சொல் பேசுவதில்லை. அந்த மௌனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கடைசிவரை பாருங்கள்.

நிலவறைக்குள் பதுங்கிக்கொள்வதே நல்லது என்கிறார், அடைபட்டவர்களில் ஒருவரான கூப்பர். மேலேயே நிற்போம் என்கிறார் பென். இந்தச் சண்டை வரும்போது படத்தை நிறுத்தி, உடன் பார்ப்பவர்கள் யார் பக்கம் என்று கேளுங்கள். கூப்பரின் முரட்டுத்தனத்தை வெறுத்து எல்லோரும் பென் பக்கமே சாய்வார்கள். நானும் முதன்முறை அப்படித்தான் சாய்ந்தேன். படம் முடிந்ததும் அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். சென்ற ஆண்டு என் தங்கை அதற்கு நெடுநேரம் பதில் சொல்லவில்லை.

முடிவை இங்கே எழுத மாட்டேன். ஆனால் கடைசிக் காட்சி முடிந்ததும் எழுந்து விளக்கைப் போட்டுவிடாதீர்கள். பெயர்ப் பட்டியலோடு வரும் புள்ளி புள்ளியான நிழற்படங்கள், செய்தித்தாளிலிருந்து வெட்டியெடுத்தவை போல இருக்கும். அவை தீரும்வரை இருட்டிலேயே அமர்ந்திருங்கள்.