மெலிவும் மூளையின் இன்சுலினும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் நீரிழிவுக் கிளினிக்குகளுக்கு உணவாலோசனை சொல்லவரும் இளையவர்களுக்குச் சீனியைக் குறைக்கச் சொல்ல வேண்டுமென்று நான் கற்பிக்க வேண்டியதில்லை. எனினும், தொடக்கத்தில் நான் விட்ட பிழைகளையே அவர்களும் விடுவதைக் கண்டு இதை எழுதுகிறேன்.

வாய்க்கட்டுப்பாடு இல்லையென்று தீர்ப்பளித்தல்

மச்சாள்மார் இருவர் ஒரே வீட்டிலிருந்து வந்தார்கள். ஒரே பானைக் குத்தரிசிச் சோறு, ஒரே முருங்கையிலைச் சுண்டல், மாலையில் ஒன்றாகவே நடை. ஆறு மாதத்தில் மூத்தவர் நன்றாக மெலிந்தார். இளையவரின் எடை அசையவில்லை. "ஒளிச்சுப் புட்டுச் சாப்பிடுறியளோ, அக்கா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். அவர் பிறகு வரவேயில்லை. இன்றும் யாராவது அதே கேள்வியைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அதிற் பாதி என்மீதான கோபம்.

கணையத்திற் சுரக்கும் இன்சுலின் குருதிவழியே மூளைக்குள்ளும் சென்று, பசியை ஆளும் ஹைப்போதலமசுக்குப் 'போதும்' என்று உணர்த்துகிறது. உடல் பருத்தவர்களிற் பலரது மூளை இந்தச் செய்திக்கு மந்தமாகவே இணங்குகிறது. ஜேர்மனியின் டூபிங்கன் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட முடிவின்படி, தொடக்கத்திலேயே மூளை இன்சுலினுக்கு நன்கு இணங்கியவர்கள், நார்ச்சத்து உணவும் உடற்பயிற்சியும் கொண்ட 24 மாதத் திட்டத்தில் கூடுதலாக மெலிந்தார்கள். 9 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, இழந்த எடை அவர்களிடம் குறைவாகவே திரும்பியிருந்தது. மூளை இணங்காதவர்களோ அதே முயற்சிக்குச் சிறிதளவே மெலிந்தார்கள். அந்த இளைய மச்சாளின் மூளையை எவரும் அளந்து பார்க்கவில்லை. ஆயினும் நான் நாக்கை மட்டுமே குற்றஞ்சாட்டினேன்.

தராசை மட்டும் நம்புதல்

கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உபவாசமிருந்து இறங்கும் கிலோக்களிற் பெரும்பகுதி நீர். உடல் சேமித்துவைக்கும் மாப்பொருளான கிளைக்கோஜனின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும்; அது செலவாகும்போது அந்த நீரும் வெளியேறும். மேலும், உணவு குறைந்து கொழுப்பும் கரையும்போது இன்சுலினும், கொழுப்பிலிருந்து சுரந்து பசியைத் தணிக்கும் லெப்டினும் குருதியிற் குறைவதால் பசி கூடுகிறது. பாரணைக்குப் பின்வரும் பெரும்பசியை ஆசையென்று ஏசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மறுபுறம், உடலுழைப்பில்லாத, எடை கூடியவர்களுக்கு 8 வாரம் பயிற்சி கொடுத்த டூபிங்கன் ஆய்வொன்றில், மூளையின் இன்சுலின் இணக்கம் சாதாரண எடையுள்ளவர்களின் நிலையை எட்டியது. ஆகவே தராசு அசையாத மாதத்திலும் நான் நடையை நிறுத்தச் சொல்வதில்லை.

மூக்கில் விசிறும் இன்சுலின்

மூளை இன்சுலினுக்கு எப்படி இணங்குகிறதென்று அளக்க ஆய்வாளர்கள் மூக்கில் இன்சுலினை விசிறுவதுண்டு. அது ஆய்வுக் கருவி. மருந்தகத்தில் தேட வேண்டாம்.

மாத்திரையோடு விரதம்

கிளிபென்கிளமைட் என்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர் வைத்தியரைக் கேளாமல் பட்டினி இருந்தால், குருதியிற் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கி மயங்கி விழக்கூடும்.