திருச்சிக்கு வீடு மாற்றும்போது: நடக்க முடியாத ஏரியாவில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க

மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கமிருந்து வருடா வருடம் எத்தனையோ குடும்பங்கள் திருச்சிக்குக் குடி வருகின்றன. பிள்ளைகள் படிப்பு, வேலை, பெற்றோரின் வைத்தியம் என்று காரணங்கள் பல. வீடு பார்க்கும்போது வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் வசதி, வண்டி நிறுத்த இடம் எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிப்பார்கள். வாசலில் இறங்கி நடந்து போனால் என்ன கிடைக்கும் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஊரில் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. பால், பூ, மாத்திரை, கோயில் எல்லாம் இரண்டு தெருவுக்குள் இருந்திருக்கும்.

இங்கே வந்த பிறகுதான் தெரியும். ஊரில் தன் போக்கில் கடைத்தெருவுக்குப் போய் வந்துகொண்டிருந்த அம்மா, இப்போது கொத்தமல்லிக் கட்டுக்குக்கூட மகன் ஆபீஸிலிருந்து வரும்வரை காத்திருக்கிறார். வீடு நல்ல வீடுதான், ஆனால் அவருடைய உலகம் பால்கனியோடு முடிந்துவிடுகிறது. இதைத் தவிர்க்க முடியும். அதற்கு வீட்டிலேயே மெதுவாக நடப்பவர் யாரோ, அவர் காலை வைத்து ஏரியாவை அளக்க வேண்டும்.

பெரும்பாலானோர் முதலில் ஏமாறுவது நிமிடக் கணக்கில். ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து 10 நிமிடம்’ என்று புரோக்கர் சொல்வது வண்டியில் போகும் 10 நிமிடம். அதுவும் சிக்னலில் நிற்காமல் போனால். நல்ல காலுள்ள ஒருவர் 5 நிமிடத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் நடப்பார். முட்டி வலி உள்ள அப்பாவுக்கு அதே தூரம் 8 நிமிடம், 10 நிமிடம் ஆகும். அதனால் மளிகைக் கடை, மெடிக்கல் ஷாப், பால், பஸ் நிறுத்தம் இந்த நான்கும் 400 மீட்டருக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், டாக்டர், பேங்க் ஆகியவை 800 மீட்டர் வரை இருந்தாலும் சமாளிக்கலாம். போனில் தூரம் பார்த்துவிட்டு முடிவு செய்யாமல், ஒருமுறை நடந்து பாருங்கள்.

நடந்து பார்க்கச் சொல்வதற்குக் காரணம், திருச்சியைக் குறுக்கே வெட்டும் கோடுகள் அதிகம். காவிரி, கொள்ளிடம், உய்யக்கொண்டான் வாய்க்கால், ரயில் பாதைகள், புறவழிச் சாலைகள். எதிர்ப்புறம் கண்ணுக்குத் தெரியும், அங்கே போய்ச் சேரத்தான் பாலத்தையோ சுரங்கப்பாதையையோ தேடி அரை கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். தஞ்சாவூர் ரோட்டில் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை உள்ள பகுதியைப் பாருங்கள். அங்கே சர்வீஸ் ரோடு வேண்டும் என்று மக்கள் எத்தனையோ வருடம் கேட்டிருக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் கடை என்றால் அது பக்கத்துக் கடை ஆகாது. ஒரு குழந்தையைத் தனியாக அனுப்ப முடியாத தூரம் அது. ரோட்டைக் கடக்காமலே அன்றாட வேலை முடிய வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றைக் கடப்பதும் இதே கதைதான். ஸ்ரீரங்கத்தில் வீடு, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேலை என்பது அருமையான ஏற்பாடு, பாலம் திறந்திருக்கும்வரை. 2022 கடைசியில் பழுதுபார்ப்பதற்காகக் காவிரிப் பாலத்தைப் பல மாதம் மூடினார்கள். அப்போது வண்டிகளெல்லாம் சென்னை பைபாஸ் பாலம் வழியே சுற்றிப் போயின. ஸ்ரீரங்கம் தீவுக்குள்ளேயே பள்ளி, டாக்டர், சந்தை எல்லாம் வைத்திருந்த குடும்பங்களுக்கு அன்றாடம் அவ்வளவாகக் குலையவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தவர்கள்தான் திண்டாடினார்கள்.

அடுத்தது புது ‘நகர்’ மோகம். 30 அடி ரோடு, இரண்டு பக்கமும் புது வீடுகள், அமைதி. பார்த்தவுடன் நடக்க ஏற்ற இடம் என்று தோன்றும். காலை வாக்கிங் போக நன்றாகத்தான் இருக்கும், ஒரு வேலையாக நடந்து போவதற்குத்தான் அங்கே ஒன்றுமில்லை. மனைப்பிரிவு போடும்போது எல்லாமே வீட்டுமனையாக விற்றுவிடுவதால் கடைகள் மெயின் ரோட்டில் மட்டும் முளைக்கும். பத்தாவது தெருவில் குடியிருப்பவருக்கு அந்த மெயின் ரோடே ஒரு கிலோமீட்டர். சில நகர்களில் பக்கத்து மனைப்பிரிவோடு தெரு இணையவே இணையாது. நடுவில் ஒரு சுவரோ வாய்க்காலோ நிற்கும். எனவே அகலத்தைப் பார்த்து மயங்காமல், தெரு எங்கே போய் முட்டுகிறது என்று பாருங்கள்.

டெல்டாவில் இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும்: அந்த நகர் முன்பு என்னவாக இருந்தது? திருச்சியிலும் தஞ்சாவூரிலும் பல நகர்கள் நேற்றுவரை வயல். பாசன வாய்க்கால் தூர்ந்திருக்கும், மழைத் தண்ணீருக்கு மட்டும் பழைய வழி மறந்திருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மண் ரோடு முழங்கால் சேறாகிவிட்டால் வயதானவர்கள் வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான். கோரையாறு, குடமுருட்டி ஓரத்துத் தாழ்வான இடங்களில் இன்னும் கவனமாக விசாரியுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடத் தெருமுனை டீக்கடையில் கேட்பது நல்லது. தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரைத் தொட்டே காட்டுவார்கள்.

சரி, அப்படியானால் பழைய ஏரியா என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாமா? அதுவும் தவறு. தில்லை நகரில் வரிசையாகக் கிராஸ் தெருக்கள், எங்கே பார்த்தாலும் கிளினிக், கடை. தூரத்தை வைத்துப் பார்த்தால் நகரத்திலேயே வசதியான ஏரியாக்களில் ஒன்று. ஆனால் மெயின் ரோட்டின் ஓரத்தை வண்டிகள் அடைத்துக்கொள்ளும்போது நடப்பவர் ரோட்டில் இறங்கித்தான் போக வேண்டும். குடியிருப்புப் பகுதியில் நடைபாதை தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் அமைப்பின் 2012 வழிகாட்டுதல் சொல்கிறது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிற அகலம்தான் அது. நீங்கள் பார்க்கும் தெருவில் அது இருக்கிறதா, இருந்தால் டிரான்ஸ்பார்மரும் ஜெனரேட்டரும் அதன் மேல் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மெயின் ரோட்டை விட்டு உள்ளே, வண்டி வேகமெடுக்க முடியாத கிராஸ் தெருவில் வீடு கிடைத்தால் நடைபாதை இல்லாத குறை பாதி தீர்ந்துவிடும்.

என்னைக் கேட்டால் திருச்சியில் நடந்து வாழ ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதி, சித்திரை வீதிப் பக்கத்துக்கு ஈடு இல்லை. தேர் ஓடுவதற்காக அகலமாக விட்ட வீதிகள், அவற்றிலேயே கடை, அவற்றிலேயே வீடு. தஞ்சாவூரில் நான்கு ராஜ வீதிகளைச் சுற்றியும் ஏறக்குறைய இதே சௌகரியம் உண்டு. ஆனால் வைகுண்ட ஏகாதசிக்கும், சித்திரைத் தேருக்கும், அம்மா மண்டபத்தில் ஆடிப்பெருக்குக்கும் கூட்டம் நெரியும், வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் வீட்டில் இருந்தால், அந்த நாட்களில் ஆட்டோ எதுவரை வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வீடு பார்ப்பது அடுத்த தவறு. அந்த நேரத்தில் எந்த ஏரியாவும் அழகாகத்தான் இருக்கும். வேலை நாளில் பள்ளி விடும் நேரத்தில் ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, நாய்கள் கூட்டமாகத் துரத்துகின்றனவா, பெண்கள் தனியாக நடக்கிறார்களா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது, நிழலையும் பார்க்க வேண்டும். மரம் இல்லாவிட்டாலும், வடக்கு தெற்காக ஓடும் தெருவில் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் வீடுகளின் நிழல் விழும். கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் அந்த நேரங்களில் வெயில் நேரே முகத்திலோ முதுகிலோ அடிக்கும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. பஸ் ஸ்டாண்ட் இடம் மாறும். 2025-ல் பஞ்சப்பூரில் புது முனையம் திறந்ததும் வெளியூர் பஸ்கள் பலவும் மதுரை ரோட்டுக்குப் போய்விட்டன. தினமும் வேண்டியது டவுன் பஸ் நிறுத்தம்தான். அங்கே எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் வருகிறது என்று நின்று பாருங்கள். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடந்து போகும் தூரத்தில் அந்த பஸ் நின்றால், வீட்டுப் பெண்கள் யாரையும் எதிர்பார்க்காமல் காந்தி மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வரலாம். வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், இரண்டாவது வண்டி வாங்காமல் மிச்சமாகும் பெட்ரோல் செலவோடு சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், வந்தவுடன் மனையோ பிளாட்டோ வாங்கிவிடாதீர்கள். பிடித்த ஏரியாவில் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருங்கள். ஒரு சித்திரை வெயிலும் ஒரு கார்த்திகை மழையும் அதற்குள் வந்து போகும்படி பார்த்துக்கொண்டு, அதன் பிறகு அம்மாவையும் பிள்ளையையும் கேட்டுவிட்டு மனைக்கோ பிளாட்டுக்கோ அட்வான்ஸ் கொடுங்கள்.