குளம்பு அழற்சி வரும் குதிரையைப் பராமரிப்பது எப்படி?

குதிரை முன்னங்கால்களை முன்னால் நீட்டி, உடம்பின் பாரத்தைப் பின்னங்கால்களுக்குத் தள்ளி நிற்கிறதா? பக்கவாட்டில் திருப்பினால் தயங்குகிறதா? லாமினைட்டிஸ் எனப்படும் குளம்பு அழற்சியாக இருக்கலாம். குளம்புக்குள் இருக்கும் எலும்பை வெளிச்சுவரோடு பிடித்து நிறுத்துபவை ஏறக்குறைய 550 முதல் 600 மெல்லிய மடிப்புகள். அவை தளர்ந்தால் எலும்பு சாயும், அல்லது கீழே இறங்கும். ஒருமுறை வந்த குதிரைக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம்.

வலி குளம்பில் இருந்தாலும், பருத்த போனிகளில் (சிறிய இனக் குதிரைகளில்) வினை பெரும்பாலும் தீவனத் தொட்டியில்தான். சர்க்கரையும் மாவுச்சத்தும் இரத்தத்தில் இன்சுலினை அளவுமீறி ஏற்றுகின்றன. அந்த இன்சுலின்தான் மடிப்புகளைக் கெடுக்கிறது.

படி 1: நாடி பார்க்கப் பழகுங்கள்

முன்னங்கால் கணுவின் பின்புறம், இரு பக்கமும் மேடாக ஓர் எலும்பு தட்டுப்படும். அதன் மேல் கயிறுபோல ஒன்று விரலுக்கடியில் உருளும். இரண்டு விரலை அதன்மேல் லேசாக வையுங்கள். அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும். ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தவறு அது. நலமாக இருக்கும் குதிரையில் துடிப்பு கிடைப்பதே அரிது. விரலைத் தட்டி எழுப்புவதுபோலத் துடித்தால் கவனம் தேவை. வேலை முடிந்த உடனே பார்க்காதீர்கள். தினமும் காலையில், அதே நேரத்தில் பாருங்கள். குளம்பு சூடாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், வெயிலில் நின்றாலே சூடாகத்தான் இருக்கும்.

படி 2: எடை

முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அளந்து, அதே எண்ணால் பெருக்குங்கள். அதைத் தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். அளவெல்லாம் சென்டிமீட்டரில். கூடவே பிடரியைப் பிடித்துப் பாருங்கள்: கெட்டியாக, ஆட்டினால் அசையாத கொழுப்பு இருந்தால் இன்சுலின் சிக்கல் இருக்கக்கூடும்.

படி 3: தீவனம்

நாளுக்கு உடல் எடையில் 1.5 சதவீதம் உலர்பொருள், அதாவது ஈரம் நீக்கிய தீவன எடை, கணக்கு. 250 கிலோ போனிக்கு 3.75 கிலோ. காய்ந்த புல்லில் ஈரம் கொஞ்சம் இருப்பதால் தராசில் 4.2 முதல் 4.4 கிலோ நிற்க வேண்டும். பச்சை நேப்பியர் புல் என்றால் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதே சத்துக்கு 18, 19 கிலோ தேவைப்படும். "ஒரு கட்டு" என்று அளக்காதீர்கள். கட்டுக்குக் கட்டு எடை மாறும்.

சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து உலர்பொருளில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். காயவைத்த ஓட்ஸ் புல் பார்வைக்குச் சாதுவாக இருந்தாலும் பலநேரம் இந்த அளவைத் தாண்டிவிடும். சந்தேகமானால் காய்ந்த புல்லைக் குளிர்ந்த நீரில் 30 முதல் 60 நிமிடம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். நம் வெயிலில் இராத்திரி முழுக்க ஊறவிட்டால் புளித்துவிடும். சர்க்கரையோடு தாது உப்பும் கரைந்து போவதால் குதிரைக்கான தாது உப்புக் கலவை தேவை. மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் வேண்டவே வேண்டாம். அவற்றில் மோனென்சின் என்னும் மருந்து கலந்திருக்கலாம், அது குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

கொள்ளு, கோதுமைத் தவிடு, சோளம், வெல்லம், வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். குதிரைக்குக் கொள்ளு கொடுக்காமலா என்பார்கள்! கொள்ளிலும் மாவுச்சத்து நிறைய உண்டு. வருகிறவர்கள் ஆசையாக நீட்டும் வெல்லக்கட்டிக்கும் தடை போட்டுவிடுங்கள்.

பருத்த போனியை ஒரேயடியாகப் பட்டினி போடுவது பெரிய ஆபத்து. உடல் கொழுப்பு இரத்தத்தில் இறங்கிக் கல்லீரலை அடைத்துவிடும். கழுதைக்கும் இதே கதிதான். 1.5 சதவீதத்துக்குக் கீழே போவதானால் மருத்துவர் சொல்லித்தான்.

படி 4: மேய்ச்சல்

புல்லில் சர்க்கரை பகல் ஏற ஏறக் கூடும், இரவில் செடி அதைச் செலவழிக்கும். அதனால் விடியற்காலை மேய்ச்சலே நல்லது. உறைபனி விழும் ஊட்டிப் பக்கம் மட்டும் விதிவிலக்கு, குளிர்ந்த இரவில் செடி வளராததால் சர்க்கரை அப்படியே தேங்கி நிற்கும். அடியில் சின்ன ஓட்டை போட்ட வாய்க்கூடை மாட்டினால் வாய்க்குப் போகும் புல் குறையும். அதைத் தண்ணீர் குடிக்க வசதியாகவும், மூக்கின்மேல் உராயாமலும் பொருத்துங்கள். நோய் நடக்கும்போது மேய்ச்சலே கிடையாது.

படி 5: குளம்பும் பரிசோதனையும்

நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்க வேண்டும். நுனி நீண்டால் ஒவ்வொரு அடியிலும் அது நெம்புகோல்போல மடிப்புகளை இழுக்கும். எக்ஸ்ரே பார்த்தபின் செதுக்கினால் லாடம் அடிப்பவருக்கு எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். சர்க்கரைக் கரைசல் கொடுத்து 60 முதல் 90 நிமிடத்தில் எடுக்கும் இன்சுலின் பரிசோதனையை மருத்துவரிடம் கேளுங்கள். 15 வயதைத் தாண்டிய குதிரையில், முடி உதிராமல் நீளமாக நின்றால் குஷிங் நோய்க்கும் (மூளையடிச் சுரப்பிக் கோளாறு) பார்க்க வேண்டும்.

வந்துவிட்டால்

நடத்தாதீர்கள். வலியை நடந்து தீர்க்கலாம் என்பது பழைய தவறு. அங்கேயே 15 செ.மீ. ஆழத்துக்கு மரத்தூளோ மணலோ பரப்புங்கள்; மணல் என்றால் புல்லைத் தொட்டியில் போடுங்கள், இல்லாவிட்டால் மணலையும் சேர்த்துத் தின்று வயிற்றுவலி வரும். உடனே மருத்துவரை அழையுங்கள். அவர் வரும்வரை பனிக்கட்டி கலந்த தண்ணீரில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை கால்களை வையுங்கள். 48 முதல் 72 மணிநேரம் தொடர்ந்து குளிர வைக்கச் சொல்லக்கூடும், அதனால் பனிக்கட்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். வலிமாத்திரையைக் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள்; லாடத்தையும் அவர் பார்க்கும்வரை கழற்றாதீர்கள். குடிதண்ணீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.