டூவே யான்சனை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 1914-இல் பிறந்து ஸ்வீடிஷ் மொழியில் எழுதிய டூவே யான்சனின் நூல்களைச் சிறுவர் பகுதியில் பாதியும் பெரியவர் பகுதியில் பாதியுமாகப் பிரித்து அடுக்குவது நூலக வழக்கம். வாசிப்பவர் அந்தப் பிரிவினையை மதிக்க வேண்டியதில்லை. இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தால்தான் அவர் கடந்து வந்த பாதை பிடிபடும். ஆங்கில மொழிபெயர்ப்புகளே நமக்குப் போதும்.

நீர்யானை போன்ற தோற்றமுள்ள மூமின்கள் என்னும் கற்பனை உயிரினங்களின் குடும்பத்தைப் பற்றியவை அவரது சிறுவர் நூல்கள். 1945-இல் வந்த முதல் மூமின் கதையிலிருந்து தொடங்க வேண்டாம். அது வெறும் வெள்ளோட்டம். 1957-இல் வெளியான 'மூமின்லேண்ட் மிட்விண்டர்' நாவலை முதலில் எடுங்கள். குளிர்காலம் முழுவதும் உறங்கும் குடும்பத்தில் மகன் மட்டும் இடையில் விழித்துக்கொள்கிறான். தாயை எழுப்ப முயன்று தோற்று, முன்பின் அறியாத பனியுலகில் தனியாகப் பிழைக்கக் கற்கிறான். பத்து வயதுக் குழந்தைக்கு இது சாகசக் கதை, உடன் வாசிக்கும் பெற்றோருக்கோ தனிமையின் கதை.

அடுத்து, 1972-இல் வந்த 'தி சம்மர் புக்'. ஒரு சிறு தீவில் பாட்டியும் பேத்தி சோபியாவும் கழிக்கும் கோடைக்காலத்தைச் சொல்லும் இந்த நூலை நாளுக்கு ஓர் அத்தியாயமாக, நிதானமாக வாசியுங்கள். சோபியாவின் தாய் இறந்துவிட்டாள் என்பதை யான்சன் போகிற போக்கில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். வேகமாகப் புரட்டுபவர் அந்த வாக்கியத்தைத் தவறவிடுவார். தவறவிட்டால் சிறுமியின் கோபங்கள் எதுவும் விளங்காது.

பிறகு இரண்டாண்டு பின்னோக்கிச் சென்று, கடைசி மூமின் நாவலான 'மூமின்வேலி இன் நவம்பர்' நூலுக்கு வாருங்கள். மூமின் குடும்பம் அதில் வருவதே இல்லை. காலியான வீட்டில் மற்றவர்கள் அவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். யான்சன் தம் தாயை இழந்ததும் இந்நூல் வெளியானதும் ஒரே ஆண்டில், 1970-இல்.

விருதுகளை வைத்து வரிசையை முடிவு செய்வது உதவாது என்பது என் கருத்து. சிறுவர் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது 1966-இலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது. பெரியவர்களுக்கான முதல் நூல் வந்ததோ 1968-இல்.

1982-இல் வந்த 'தி ட்ரூ டிசீவர்' நாவலைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சிறுவர் நூல்களுக்குப் படம் வரையும் முதிய பெண்மணி ஒருத்தி, காட்டுத் தரையை அத்தனை நுணுக்கமாகத் தீட்டிவிட்டு, குழந்தைகள் கேட்கிறார்கள் என்பதற்காக அதன் மேல் பூப்போட்ட முயல்களை வரைந்துகொண்டிருக்கிறாள்.