அமெரிக்கக் கிறிஸ்தவர் என்றாலே வலதுசாரியா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கத் தேர்தல் வந்துவிட்டால் நம் ஊடகங்களில் ஒரு கணக்கு தவறாமல் வரும். பக்தி உள்ளவர்கள் வலதுசாரிக் குடியரசுக் கட்சி, பக்தி இல்லாதவர்கள் அதன் எதிர்த்தரப்பான ஜனநாயகக் கட்சி. இதை நம்பி அந்த நாட்டின் அரசியலைப் படித்தால் பாதி வரலாறு கண்ணில் படாமலே போய்விடும்.

முதலில், 'இவாஞ்சலிக்கல்' (தனிப்பட்ட மனமாற்றத்தையும் பைபிளின் அதிகாரத்தையும் வலியுறுத்தும் புராட்டஸ்டன்ட் பிரிவினர்) வாக்கு என்று வரும் எண்ணை எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் பொருத்தாதீர்கள். 2016இலும் 2020இலும் டிரம்ப்புக்குப் பத்தில் எட்டுப் பேர் ஓட்டுப் போட்டார்கள் என்பது வெள்ளையின இவாஞ்சலிக்கல்களின் கணக்கு. கறுப்பினப் புராட்டஸ்டன்ட் சபைகளின் ஓட்டு பெருமளவில் ஜனநாயகக் கட்சிக்குத்தான் விழுகிறது. இத்தனைக்கும் இரு தரப்பும் வாசிப்பது ஒரே பைபிள்தான். அட்லாண்டாவில் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் பிரசங்கம் செய்த எபனேசர் பாப்டிஸ்ட் ஆலயத்தின் போதகர் ரஃபேல் வார்னாக், 2021இல் அக்கட்சியின் செனட்டர் ஆனார்.

இதைவிடப் பெரிய தவறு, அங்கே நடப்பது விசுவாசிகளுக்கும் நாத்திகர்களுக்கும் இடையிலான சண்டை என்று நினைப்பது. 1963 ஏப்ரல் 12, புனித வெள்ளி. இன ஒதுக்கலை எதிர்த்து, நீதிமன்றத் தடையை மீறி ஊர்வலம் போனதற்காகக் கிங்கை அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் கைது செய்தார்கள். அந்தப் போராட்டங்கள் விவேகமற்றவை, நேரங்கெட்டவை என்று அறிக்கை விட்டவர்கள் யார் தெரியுமா? அதே மாநிலத்தின் எட்டு வெள்ளை மதகுருமார். ஒருவர் யூத ரபி, மற்ற ஏழு பேரும் கிறிஸ்தவர்கள். அறிக்கை வெளியான செய்தித்தாளின் ஓரங்களிலேயே கிங் பதில் எழுதத் தொடங்கினார். அப்புறம் ஒரு கறுப்பினக் கைதி கொடுத்த துண்டுத்தாள்களில் தொடர்ந்தார். அநீதியான சட்டம் சட்டமே அல்ல என்பதற்கு அவர் சாட்சிக்கு அழைத்தது பழைய கிறிஸ்தவ இறையியலாளர்களான புனித அகஸ்டினையும் அக்குவினாஸையும். கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலைவிட, நீதியைக் காட்டிலும் அமைதியே போதும் என்றிருக்கும் மிதவாத வெள்ளையர்தான் பெரிய தடையோ என்றும் கேட்டார். திருச்சபைக்குள்ளிருந்து திருச்சபையை நோக்கி எழுந்த குரல் அது. கிங்கின் பெயரிலிருந்து 'ரெவரண்ட்' என்ற போதகர் பட்டத்தை உதிர்த்துவிட்டு அவரை வெறும் உரிமைப் போராளியாக மட்டும் காட்டுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

இந்த மரபு நேற்று முளைத்ததும் இல்லை. 1886இல் நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் பகுதிக்குப் போதகராக வந்த வால்டர் ரோஷன்புஷ், தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளை அடக்கம் செய்து செய்தே, ஆன்மாவை மட்டும் இரட்சித்தால் போதாது என்ற முடிவுக்கு வந்தவர். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னால் உழைத்த தொழிலாளர் துறைச் செயலர் பிரான்சஸ் பெர்கின்ஸும் ஆழ்ந்த பக்தி உள்ள எபிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) சபையார்.

சரி, வலதுசாரிக் கிறிஸ்தவர்கள் கடுமையாக எதிர்க்கும் கருக்கலைப்பு? வெள்ளை இவாஞ்சலிக்கல்கள் ஆதியிலிருந்தே அதை எதிர்த்துத் திரண்டார்கள் என்பதும் தவறு. 1971இல் தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு என்ற பெரிய புராட்டஸ்டன்ட் சபை அமைப்பு, பாலியல் வன்முறை, தாயின் உடல்நல ஆபத்து போன்ற நிலைகளில் அதை அனுமதிக்கும் சட்டம் வேண்டும் என்றே தீர்மானம் போட்டது. போதகர் ஜெர்ரி ஃபால்வெல்லின் வலதுசாரிக் கிறிஸ்தவ அரசியல் அமைப்பான 'மாரல் மெஜாரிட்டி' 1979இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர்களைக் கொதிக்க வைத்தவற்றில், இனப் பாகுபாடு காட்டிய கிறிஸ்தவப் பள்ளிகளின் வரிச்சலுகையில் அரசு கைவைத்ததும் ஒன்று.

எதிர்ப்பக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும். இடதுபக்கம் நின்ற கிறிஸ்தவர்கள் எல்லாம் இன்றைய முற்போக்காளர்களின் நகல்கள் இல்லை. 1933இல் கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கி, ஏழைகளோடு ஏழையாக வாழ்ந்து, எல்லாப் போர்களையும் எதிர்த்த டோரதி டே கருக்கலைப்பையும் எதிர்த்தார். வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் ஜனநாயகக் கட்சியின் சார்பில் மூன்று முறை அதிபர் வேட்பாளராக நின்றவர். வருமான வரிக்கும் பெண்கள் வாக்குரிமைக்கும் வாதாடியவர். அவரேதான் 1925இல் டென்னசியின் டேட்டனில், பரிணாமக் கொள்கையைக் கற்பித்த ஆசிரியருக்கு எதிராக வழக்காட நின்றார். வலியவன் எளியவனை நசுக்குவதை இயற்கையின் நியதி என்று அந்தக் கொள்கை நியாயப்படுத்திவிடும் என்பது அவருடைய பயங்களில் ஒன்று.