ஹிட்டைட் மண்சுவரை அகழ்ந்தபின் காப்பது எப்படி

இன்றைய துருக்கியில், பழைய ஹிட்டைட் பேரரசின் தலைநகராக இருந்த ஹத்துசாவில் இன்று கண்ணில் படுவது பெரும்பாலும் கல் அடித்தளம்தான். அதன்மேல் மரச்சட்டம் கோத்து எழுப்பிய பச்சைச் செங்கல் (சுடாமல் வெயிலில் காயவைத்த மண்செங்கல்) சுவரில் மரம் எரிந்துவிட்டது, செங்கல் மழையில் கரைந்துவிட்டது. ஆகவே எங்காவது செங்கல் வரிசை மிஞ்சியிருந்தால் அது அரிது. வெளிச்சம் பட்ட நாளிலிருந்தே அது அழியத் தொடங்கும். எப்படி மூடப்போகிறோம் என்று முடிவுசெய்து, அதற்கான பொருளைக் களத்தில் இறக்கிய பிறகே குழி வெட்டத் தொடங்குங்கள்.

துருக்கியில் அகழாய்வுக்குப் பண்பாடு, சுற்றுலா அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். தற்செயலாகப் பழம்பொருள் கிடைத்தால், 2863ஆம் எண் சட்டப்படி 3 நாட்களுக்குள் அருகிலுள்ள அருங்காட்சியகத்திடமோ ஊர்த்தலைவரிடமோ தெரிவிக்க வேண்டும்.

இடம் தேட, மண்ணுக்குள் இருக்கும் காந்த வேறுபாட்டை அளக்கும் காந்தமானி நல்ல துணை. அரை மீட்டர் இடைவெளியில் கோடு கோடாக நடந்து அளக்கலாம். தீயில் வெந்த செங்கல் பளிச்சென்று தெரியும். வேகாத செங்கலுக்கும் சுற்றியுள்ள மண்ணுக்கும் வேறுபாடு சொற்பம். அதனால், வரைபடத்தில் வெறுமையாக இருக்கும் இடத்தைக் காலி என்று எண்ணிவிடாதீர்கள். அளப்பவர் உடலில் சாவியோ இரும்புக் கொக்கியோ இருந்தால் அந்த அளவீடு வீண்.

அகழும்போது பெரிய சிக்கல், சுவரும் இடிந்து விழுந்த செங்கலும் ஒரே நிறத்தில் இருப்பது. பரப்பைக் கரணையால் மட்டமாகச் சுரண்டி, கைத்தெளிப்பானால் பனிபோல் நீர் தெளியுங்கள். செங்கல்லும் இடைச்சாந்தும் வெவ்வேறு வேகத்தில் காய்வதால் சில நிமிடங்களுக்கு இணைப்புக் கோடுகள் தெரியும். அதற்குள் படமெடுத்து, கோடுகளைக் கீறிக் குறித்துவிட வேண்டும். உச்சி வெயிலில் இது பலிக்காது, காலையில் செய்யுங்கள். குழிக்கு மேல் நிழல்வலை கட்டாயம். ஈரமாகவே இருந்த சுவர் ஒரே நாளில் காய்ந்தால் உள்ளிருக்கும் உப்பு வெளியே வந்து பூக்கும். மேற்பரப்பு தகடு தகடாக உரியும்.

பணி முடிந்ததும் மீண்டும் மூடிவிடுவதே எங்கள் முதல் பரிந்துரை. பார்வையாளருக்கு ஏமாற்றம்தான், ஆனால் துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் குளிரில் செங்கல்லுக்குள் நீர் உறைந்து உருகுவதை எந்தப் பூச்சும் நெடுநாள் தாங்காது. முதலில் நீர் ஊடுருவும் நெய்யாத் துணியை விரியுங்கள். அதன்மேல் சலித்த மண்ணை மெல்லிய அடுக்குகளாக, குறைந்தது அரை மீட்டர் உயரத்துக்கு இட்டு லேசாக மிதியுங்கள். உச்சியைக் கூம்பலாக்கி நீர் வெளியே ஓட வழி விடுங்கள். பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம். அதன் அடியில் வியர்த்து நீர் கோத்துக்கொள்ளும், வேரும் பரவும்.

திறந்தே வைக்க வேண்டுமானால் சிமெண்டைத் தொடாதீர்கள். அது நீரை உள்ளேயே அடைத்துவிடும். பின்னால் செங்கல் சேறாகி, ஒருநாள் பூச்சு சுவரின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். மண்ணும் வைக்கோலும் கலந்த பூச்சே போதும். அது கரைவதற்கென்றே போடப்படுவது, சுவருக்குப் பதிலாகத் தேயும். பூச்சில் வெடிப்பு விழுந்தால் களிமண் அதிகம், உதிர்ந்தால் களிமண் போதாது. மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் நீர்விட்டுக் குலுக்கி வைத்தால் மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களிமண் மேலேயும் படியும். விகிதம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இந்தக் கட்டுமானம் எவ்வளவு உழைப்பு கேட்கும் என்பதை ஹத்துசாவிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். 2003 முதல் 2005 வரை ஜெர்மானியத் தொல்லியலாளர் யூர்கன் ஸேஹர் தலைமையில் 65 மீட்டர் நீள மதிலை, இரு கோபுரங்களோடு புதிதாக எழுப்பினார்கள். சுமார் 64,000 பச்சைச் செங்கல், 2,700 டன் களிமண், 100 டன் வைக்கோல், 1,500 டன் நீர் செலவாயின. கட்டி முடித்ததோடு வேலை தீராது. மண் கூரையும் பூச்சும் ஆண்டுதோறும் பார்வை கேட்கும். கூரையில் ஒரு சிறு விரிசலை விட்டுவைத்தால் நீர் உள்ளிறங்கிச் சுவரை நடுவிலிருந்தே தின்னும்.

சுவரடியில் ஆப்பெழுத்துப் பலகை (ஆப்பு வடிவக் குறிகளால் எழுதிய களிமண் பலகை) கிடைத்தால் நீரில் கழுவாதீர்கள். தீயில் வேகாத பலகை கரைந்துவிடும். அடிமண்ணோடு சேர்த்துத் தூக்கி, நிழலில் மெதுவாக உலரவிட்டுத் தொல்பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள். நகமளவு துண்டையும் எறியக் கூடாது. இதே ஹத்துசாவில் 2023இல் கிடைத்த ஒரு பலகையில், அதுவரை யாரும் அறியாத ஒரு மொழி இருந்தது.