ரெசின் நகை: செய்பவர்களும் அணிபவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை என் ரெசின் வகுப்புக்கு வந்த ஒரு பெண் பைக்குள்ளிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து, "அக்கா, முந்தாநாள் ஊத்தினேன், நேத்து பேக் பண்ணிட்டேன், நாளைக்கு கூரியர்ல போடணும், ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்று நீட்டினாள். பபுள் ரேப்பைப் பிரித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய டாலரின் முகத்தில் வட்ட வட்டமாக, வரிசை பிசகாமல், பபுள் ரேப்பின் அச்சு. நான் தொழில் தொடங்கிய புதிதில் செய்த அதே தவறு. என்னிடம் படித்தவர்களில் இதைச் செய்யாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கீழே போடாதீர்கள், குழந்தை கையில் கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்கள்கூடச் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன். விற்பதற்காகச் செய்கிறவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது, வாங்கி அணிகிறவர்களுக்கும் இருக்கிறது.

முழுதாக இறுகும் முன்பே பொட்டலம் கட்டுவது

ரெசின் என்பது ஹார்ட்னர் என்ற இன்னொரு திரவத்தோடு கலந்து மோல்டில், அதாவது அச்சில், ஊற்றினால் கெட்டியாகும் பிளாஸ்டிக் திரவம். பாட்டிலில் 24 மணி நேரம் என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு, ஒரு நாளில் நகை தயார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த 24 மணி நேரம் மோல்டிலிருந்து எடுப்பதற்கான கணக்கு. ரெசினும் ஹார்ட்னரும் ஒன்றோடொன்று பிணைந்து முழு பலத்துக்கு வர, கலவையைப் பொறுத்து மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். மார்கழிக் குளிரில் இன்னும் கூடத் தள்ளிப்போகும். தொட்டால் ஒட்டாது, தட்டினால் 'டிக்' என்று சத்தம்கூட வரும், ஆனாலும் உள்ளே வேலை முடிந்திருக்காது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலூரிலிருந்து ஒருவர் மூன்று கனகாம்பரப் பூக்களை அனுப்பியிருந்தார். அவருடைய வளைகாப்புக்கு அவருடைய பாட்டி கையால் கட்டிய சரத்தில் இருந்து எடுத்து டைரிக்குள் வைத்திருந்தவை. பாட்டி அதற்கப்புறம் மூன்று மாதத்தில் இறந்துவிட்டார். அந்த மூன்று பூவையும் ஒரு டாலருக்குள் வைத்துத் தரவேண்டும், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். பூ காகிதம் மாதிரி காய்ந்திருந்தது, ஆரஞ்சு நிறம் கொஞ்சம் மங்கினாலும் போகவில்லை, நல்லபடியாகவே வந்தது. தேதி நெருங்குகிறதே என்று ஊற்றிய ஒன்றரை நாளில் பபுள் ரேப்பில், அதுவும் குமிழ் இருக்கும் பக்கம் உள்ளே இருக்கிற மாதிரி, இறுக்கிச் சுற்றி கூரியரில் போட்டேன். அது கத்திரி வெயில் நேரம். திருச்சியிலிருந்து வேலூர் போய்ச் சேர இரண்டு நாள். தகர வண்டிக்குள் மற்ற பொட்டலங்களுக்கு அடியில் அது எவ்வளவு சூட்டில் கிடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் போட்டோ அனுப்பினார். டாலரின் முகம் முழுக்க வட்டங்கள், ஒரு ஓரம் லேசாக வளைந்திருந்தது. திருப்பி அனுப்பச் சொல்லி வாங்கி, தண்ணீர் தொட்டு உப்புத்தாளில் தேய்க்க ஆரம்பித்தேன். முதலில் 800 நம்பர், அப்புறம் 1000, அப்புறம் 2000. வட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆனால் நடுப்பூவின் இதழ் மேற்பரப்புக்கு மிகப் பக்கத்தில் இருந்தது எனக்குத் தெரியவில்லை. உப்புத்தாளில் ஆரஞ்சுத் தூள் தெரிந்ததும் கையை எடுத்துவிட்டேன். அதற்குள் இதழின் நுனி வெளியே வந்திருந்தது. மேலே இன்னொரு அடுக்கு ரெசின் ஊற்றி மூடினேன். ஆனால் தேய்க்கும்போதே தண்ணீரைக் குடித்துவிட்ட அந்த நுனி கொஞ்ச நாளில் பழுப்பாகிவிட்டது. "பரவாயில்லைக்கா, பூ இருக்குல்ல, அது போதும்" என்று அவர் சொன்னார். எனக்குப் பரவாயில்லை என்று இன்றுவரை தோன்றவில்லை. ரெசின் வீணானால் சில நூறு ரூபாய். அந்தப் பாட்டி கட்டிய பூவுக்கு எங்கே போவது?

அதனால்தான் ஒருவர் "நேத்து பேக் பண்ணிட்டேன்" என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. பூவோ முடியோ தொப்புள்கொடியோ, வேறு எங்கேயும் கிடைக்காத பொருளை ஒருவர் நம்பித் தருகிறார். அவசரப்படுத்தினால் முடியாது என்று சொல்லுங்கள். தேதியைத் தவறவிட்டதைவிட அச்சு விழுந்த டாலரைக் கொடுத்ததுதான் அதிக நாள் உறுத்தும்.

இப்போது நான் செய்வது இதுதான். ஊற்றி மிஞ்சியதைக் கலந்த கப்பிலேயே விட்டுவைப்பேன். நகையைத் தொட மாட்டேன், கப்பில் இருப்பதை நகத்தால் அழுத்திப் பார்ப்பேன். பிறைமாதிரி நகக்குறி விழுந்தால் இன்னும் ஆகவில்லை. (கப்பில் கனமாகக் கிடக்கும் ரெசின் தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகும், மெல்லிய நகை அதைவிடத் தாமதமாகும். அதனால் கப் தேறிய பிறகும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.) ஒரு வாரம் முடிந்த பிறகுதான் பொட்டலம். முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் மெத்தென்ற பருத்தித் துணி, அப்புறம் நகையை எதுவும் அழுத்தாத மாதிரி ஒரு கெட்டியான சின்னப் பெட்டி. பபுள் ரேப் பெட்டிக்கு வெளியே.

வெயிலில் விடுவது

மேலே சொன்னதில் பாதி அவசரம், பாதி சூடு. முழுதாக இறுகிய ரெசினும் சூட்டில் இளகும். கைவினைக்கு விற்கிற எபாக்சி ரெசின்களில் பெரும்பாலானவை 45 முதல் 60 டிகிரிக்குள் இளக ஆரம்பித்துவிடும். உருகி ஓடாது, ரப்பர் மாதிரி ஆகும். அந்த நேரத்தில் எது அழுத்துகிறதோ அதன் வடிவத்துக்குப் போய், ஆறியதும் அப்படியே நின்றுவிடும். மே மாத மத்தியானம் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கோயிலுக்குப் போய்விட்டு வந்து கழற்றி டேஷ்போர்டில் வைத்த மெல்லிய வளையல் முட்டை வடிவத்தில் திரும்பி வருவது அப்படித்தான். ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியும் அதே கதை, அங்கே இன்ஜின் சூடும் சேர்ந்துகொள்ளும். மொட்டை மாடி அறையின் ஜன்னல் ஓரமும் வேண்டாம்.

சேலையில் குத்திய ரெசின் புரோச்சை எடுக்காமல் இஸ்திரி போட்டவர் ஒருவர் என்னிடம் வந்தார். அதற்கு மருந்து கிடையாது.

வாங்கியவர்களுக்கு ஒன்று: கூரியர் வந்த அன்றே பிரித்துவிடுங்கள். பிறந்தநாள் அன்று பிரிக்கலாம் என்று பொட்டலத்தோடு பீரோவில் வைக்காதீர்கள். வளையல்களைப் படுக்கவைத்து, ஒன்றின் மேல் ஒன்று கனமாக ஏறாமல் வையுங்கள்.

வளைந்ததைக் கையால் நிமிர்த்துவது

ஆறிய ரெசினைக் கையால் வளைத்தால் விரிசல் விழும். ஒரு பாத்திரத்தில் விரல் வைத்தால் உடனே எடுத்துவிடத் தோன்றும் சூட்டில், ஆனால் கொதிக்காமல், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நகையை ஜிப் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றி ஒன்றிரண்டு நிமிடம் முக்குங்கள். முழுதாக இறுகிய பிறகு வளைந்ததென்றால் பல சமயம் அது தானாகவே பழைய வடிவத்துக்கு வந்துவிடும், பார்க்கவே ஆச்சரியமாக இருக்கும். தட்டையான டாலர், கம்மல் என்றால் எடுத்து டைல்ஸ் தரையில் வைத்து, மேலே பட்டர் பேப்பர், அதன்மேல் ஒரு கனமான புத்தகம். நன்றாக ஆறும்வரை தூக்கிப் பார்க்காதீர்கள். அடுப்பு நெருப்பில் காட்டுவதும் ஹேர் டிரையரை ஒரே இடத்தில் பிடிப்பதும் கூடாது.

நெயில் பாலிஷ் ரிமூவர்

விலை ஸ்டிக்கரின் பசை போகவில்லை என்று ரிமூவரில் பஞ்சை நனைத்துத் துடைக்கிறார்கள். அதில் இருக்கும் அசிட்டோன் ரெசினின் மேற்பரப்பை இளக்கிவிடும். பஞ்சின் இழை ஒட்டிக்கொள்ளும், பளபளப்பு போய்ப் புகை படிந்த மாதிரி ஆகும். பசையை எடுக்க ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். பத்து நிமிடம் ஊறவிட்டு விரலாலேயே உருட்டி எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, கண்ணாடி துடைக்கும் துணியால் ஒற்றி எடுங்கள்.

சானிடைசர், சென்ட்

முதலில் அவை, காய்ந்த பிறகு நகை.

பற்பசை போட்டுத் தேய்ப்பது

வெள்ளி கொலுசைப் பற்பசை போட்டுத் தேய்த்துப் பழகிய கை இது, புரிகிறது. ஆனால் ரெசின் கண்ணாடியும் இல்லை, கல்லும் இல்லை, அவற்றைவிட மென்மையான ஒரு பிளாஸ்டிக். பற்பசையில் இருக்கும் நைசான தூள் அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போட்டுவிடும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சிலந்திவலை மாதிரி தெரியும். சமையல் சோடா, பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் எல்லாம் இதே கணக்கில்தான். நிஜமாகவே கீறல் விழுந்திருந்தால் செய்தவரிடமே கொடுங்கள், மேலே ஒரு அடுக்கு ஊற்றிப் புதிதாக்கித் தருவார். நீங்களே தேய்ப்பதென்றால் ஈர உப்புத்தாளில், முகக்கவசம் போட்டுக்கொண்டு. அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

மஞ்சளாவதைத் தடுக்க முடியும் என்று நம்புவது

தள்ளிப்போடத்தான் முடியும். எபாக்சி வெயில் வெளிச்சத்தில் நாளடைவில் மஞ்சள் ஏறும், அது அதன் வேதியியலிலேயே இருக்கிறது. "எப்போதும் மஞ்சளாகாது" என்று சொல்லி விற்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். நல்ல ரெசினில் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள்களைச் சேர்த்திருப்பார்கள், அதனால் வேகம் குறையும். வெள்ளையும் நிறமில்லாததும் முதலில் காட்டிக்கொடுக்கும், வெளிர் நீலம் பச்சை கலந்த மாதிரி மாறும், கருப்பிலும் கருஞ்சிவப்பிலும் தெரியவே தெரியாது. அணியாத நேரத்தில் மூடிய பெட்டியில், வெளிச்சம் படாமல் வையுங்கள். கடைக்காரர்கள் கண்ணாடி அலமாரியில் வெயில் படும் தட்டில் ரெசினை அடுக்குவதைப் பார்த்தால் எனக்கு உள்ளே போய் எடுத்து வைத்துவிட்டு வரலாமா என்று இருக்கும்.

பிசுபிசுப்புக்குப் பவுடர் போடுவது

இது ஆபத்தான தவறு. நகை ஒட்டுகிறது என்று முகப்பவுடரைத் தடவி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்தும் ஒட்டுகிறது என்றால் அளவு தப்பியிருக்கிறது, அல்லது கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்கவில்லை என்று அர்த்தம். எடைக் கணக்கில் கொடுத்திருக்கும் விகிதத்தைக் கப்பின் கோடு பார்த்து ஊற்றினால் தப்பத்தான் செய்யும், இரண்டும் ஒன்றல்ல. ஹார்ட்னர் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்பதும் பொய். சரியாக இறுகாத ரெசின் தோலில் பட்டால் அரிப்பு, தடிப்பு வரும். சிலருக்கு அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் போவதே இல்லை. காது மடலில் போடுகிற பொருள் இது. ஒட்டும் கம்மலை வாங்கியிருந்தால் அணியாமல் திருப்பிக் கொடுங்கள்.

ஒட்டுவதில் ஒன்றை மட்டும் வேறாகப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில், காற்றில் ஈரம் கூடுதலாக இருக்கும்போது ஊற்றினால் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அது வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடும். கழுவிய பிறகும் ஒட்டினால்தான் கோளாறு.

குளியல்

கழற்றிவிட்டுக் குளியுங்கள். நீச்சலுக்கும் அதேதான்.

பூ பழுத்ததற்கு உங்களையே நொந்துகொள்வது

வாங்கி ஆறு மாதத்தில் உள்ளே பூ பழுப்பாகிவிட்டது, நான் சரியாக வைத்துக்கொள்ளவில்லையோ என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. ஈரம் முழுதாகப் போகாத பூவை ரெசினுக்குள் வைத்திருப்பார்கள். சிலிகா ஜெல் என்ற ஈரம் உறிஞ்சும் மணிகளில் வைத்து உலர்த்தும்போது அந்த நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் அவை ஈரத்தைக் குடித்து முடித்துவிட்டன, மாற்ற வேண்டும். அதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். பூவுக்கும் குணம் இருக்கிறது. மல்லிகை எப்படி உலர்த்தினாலும் வெண்மை நிற்காது, சிவப்பு ரோஜா கருஞ்சிவப்புக்குப் போகும். வாடாமல்லிக்குச் சும்மாவா அந்தப் பேர் வைத்தார்கள், காய்ந்த பிறகும் நிறம் நிற்கும். காகிதப்பூவும் நன்றாக நிற்கும். கல்யாண மாலையைக் கொடுப்பதற்கு முன்னாலேயே எந்தப் பூ என்ன ஆகும் என்று கேட்டுவிடுங்கள், செய்கிறவர்கள் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

கொக்கியை மறப்பது

ரெசின் பத்து வருடம் நிற்கலாம், அதில் தொங்குகிற கவரிங் கொக்கி ஒரு வருடம்கூடத் தாங்காமல் வியர்வையில் கறுத்துவிடும். கழற்றியதும் உலோகத்தை மட்டும் காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு ஜிப் கவரில் போட்டுவையுங்கள். கறுத்துப்போனால் நகையையே தூக்கிப் போடாதீர்கள், குறடு வைத்திருக்கும் யாரும் வளையத்தைப் பிரித்துப் புதுக் கொக்கி மாட்டித் தருவார்கள். கம்மலின் தண்டு கழன்று வந்துவிட்டால் மட்டும் நொடியில் ஒட்டும் பசையைத் தடவாதீர்கள், அதன் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படிந்துவிடும். புதிதாகக் கலந்த ரெசினில் ஒரு துளி தொட்டு வைத்து, ஒரு வாரம் காதில் மாட்டாமல் விடுங்கள்.